குதிகால் வலிக்கு ஷாக் வேவ்: கெண்டைக்காலை விட்டுவிடாதீர்கள்

உங்கள் கேள்வி இதுதான்: ஒரு வருடத்துக்கும் மேலாக ஒரு பக்கக் குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் உயிர் போகிறது. அதே காலின் கெண்டைக்கால் தசையை அழுத்தினாலும் வலிக்கிறது. மாத்திரை, மெத்தென்ற காலணி, ஒரு ஸ்டீராய்டு ஊசி எல்லாம் ஆகிவிட்டன. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிகிறது என்று சொல்லி, தோலின் மேல் கருவியை வைத்து அழுத்த அலைகளைச் செலுத்தும் ஷாக் வேவ் சிகிச்சைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது பலன் தருமா, முள்ளைக் கரைக்குமா, கெண்டைக்காலுக்கும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

பலன் தர நல்ல வாய்ப்பு இருக்கிறது. முள்ளைக் கரைக்காது. கெண்டைக்காலுக்கும் கொடுக்கலாம், ஆனால் அங்கே ஏன் வலிக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத்தான். பிசியோதெரபி வேலையில் இந்த வலியை அன்றாடம் பார்க்கிறேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: மெஷின் வலியைக் குறைத்துக் கொடுக்கும், அந்த இடைவெளியில் கெண்டைக்காலையும் பாதத்தையும் பலப்படுத்திக்கொள்கிறவர்களுக்கு நிவாரணம் நிலைக்கிறது. மெஷினோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர் சில மாதங்களில் அதே வலியோடு திரும்பி வருகிறார்கள். அதனால் சிகிச்சையைப் பற்றி மட்டும் சொல்லாமல், அதைச் சுற்றியுள்ளதையும் சேர்த்தே சொல்கிறேன்.

குதிகால் எலும்பின் அடியில், உட்பக்கமாக, ஒரு தடித்த நார்ப்பட்டை தொடங்குகிறது. பிளான்டர் ஃபேசியா என்பார்கள். அது பாதத்தின் அடியில் விரிந்து விரல்களின் வேர்வரை போகிறது. நடக்கும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்கினால் இந்தப் பட்டை இழுபட்டு, பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கும். ஹிக்ஸ் என்ற மருத்துவர் 1954-இல் இதை விளக்கி எழுதினார். ஒவ்வொரு அடியிலும் அந்த இழுப்பு போய்ச் சேரும் இடம் குதிகால் எலும்பில் பட்டை ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன இடம்தான்.

வலி வந்த புதிதில் அங்கே அழற்சி இருக்கலாம். மாதக்கணக்கில் நீடித்த பிறகு நிலைமை வேறு. அறுவை சிகிச்சையில் எடுத்த 50 திசு மாதிரிகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவில், அழற்சிக்கான அடையாளங்கள் இல்லை. நார்கள் சிதைந்து ஒழுங்கு குலைந்து கிடந்தன. நாள்பட்ட வலிக்கு அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் ஏன் சில மணி நேரத்துக்குமேல் உதவுவதில்லை என்பது இதிலிருந்து ஓரளவு புரியும். அங்கே தணிக்க வேண்டிய நெருப்பு பெரிதாக இல்லை. ஆற வேண்டிய திசு ஆறாமல் பாதியில் நின்றுபோயிருக்கிறது.

காலை நேரத்து முதல் அடி ஏன் அப்படி வலிக்கிறது? தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே இருக்கும். ஃபேசியாவும் கெண்டைக்கால் தசையும் இரவு முழுக்கச் சுருங்கிய நிலையிலேயே இருந்துவிடுகின்றன. எழுந்து நின்ற கணத்தில் உடம்பின் எடை முழுவதும் அவற்றை ஒரே இழுப்பாக இழுக்கிறது. கொஞ்சம் நடந்ததும் தளர்ந்து வலி குறைகிறது. நாள் முழுக்க நின்றால் மாலையில் மறுபடி கூடுகிறது. இந்த வரிசையில் வலி வந்து போனால் ஃபேசியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இனி கெண்டைக்கால், அதாவது ஆடுசதை. அதில் இரண்டு பெரிய தசைகள் இருக்கின்றன. மேலே இருப்பது முழங்காலையும் கணுக்காலையும் கடந்து போகிறது. அதற்கு அடியில் இருப்பது கணுக்காலை மட்டும் கடக்கிறது. இரண்டும் சேர்ந்து அகில்லிஸ் தசைநாராகக் குதிகால் எலும்பின் பின்புறம் வந்து ஒட்டுகின்றன. ஒரே எலும்பை மேலிருந்து கெண்டைக்காலும் கீழிருந்து ஃபேசியாவும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஆடுசதை இறுகிப்போனால் கணுக்கால் போதுமான அளவு மேல்நோக்கி மடங்காது. உடம்பு முன்னே போகவேண்டும் என்பதால் பாதத்தின் வளைவு தட்டையாகி வழிவிடும், இல்லையென்றால் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பிவிடும். எப்படியானாலும் சுமை ஃபேசியாவின் தலையில்தான் விழுகிறது.

இறுக்கம் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலை நேராக வைத்து, இன்னொருவரைப் பாதத்தை உங்கள் பக்கமாக மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். எவ்வளவு மடங்குகிறது என்று பார்த்துக்கொண்டு, பிறகு முழங்காலை மடக்கி அதையே செய்யுங்கள். முழங்கால் நேராக இருக்கும்போது பாதம் செங்குத்தைத் தாண்ட மறுத்து, மடக்கியதும் தாராளமாக மடங்கினால் மேல் தசை இறுகியிருக்கிறது. இரண்டிலும் மடங்கவில்லை என்றால் கீழ்த் தசையோ கணுக்கால் மூட்டோ பிடித்து வைத்திருக்கிறது. நாள்பட்ட குதிகால் வலியோடு வருகிறவர்களில் மேல் தசை இறுகியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் ஆடுசதையில் வலி என்றதும் இறுக்கம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. குதிகாலை ஊன்ற பயந்து முன்பாதத்தில் நடக்கிறவருக்கு அந்தத் தசை நாள் முழுக்கக் கூடுதல் வேலை செய்கிறது. அப்போது வலி விளைவே தவிர காரணம் அல்ல. பிட்டத்தில் தொடங்கி தொடையின் பின்புறமாக ஆடுசதை, குதிகால் என்று இறங்கும் வலி, கூடவே பாதத்தின் வெளி ஓரத்தில் மரத்துப்போதல் என்றால் இடுப்பு முதுகெலும்பில் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் ஆடுசதை பிடித்து, நின்றதும் விட்டுவிடுகிறது என்றால் ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ரத்தக்கட்டி. ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கி, சூடாக, தோல் நிறம் மாறி, தொட்டாலே வலித்தால், அதுவும் நெடும்பயணம், அறுவை சிகிச்சை, படுக்கையில் கிடந்த நாட்கள் இவற்றுக்குப் பிறகு என்றால், யாரையும் அதைத் தேய்க்கவோ மெஷின் வைக்கவோ விடாதீர்கள். அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். ஆழ்ந்த சிரையில் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் வலி மாதக்கணக்கில் மாறாமல் இருக்கிறது, வீக்கம் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெரும்பாலும் இது இல்லை. ஆனாலும் இரண்டு ஆடுசதைகளையும் ஒரே உயரத்தில் டேப் வைத்து அளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

குதிகாலிலும் வலி எந்த இடத்தில் என்பது பெரிய விஷயம். பெருவிரலை ஒரு கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறுகையின் கட்டைவிரலால் குதிகாலின் அடியில், உட்பக்கம், கொஞ்சம் முன்னால் அழுத்துங்கள். அங்கே ஒரு புள்ளியில் சுருக்கென்று வலித்தால் அது ஃபேசியா. குதிகாலின் நட்டநடுவில், கடினத் தரையில் நடந்தால் மட்டும் அதிகமாகும் வலி என்றால் அடியிலுள்ள கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம்; அதற்கு ஷாக் வேவ் வேலை செய்யாது. குதிகால் எலும்பை இரு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து நசுக்கும்போது வலித்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிச்சல், கூச்சம், இரவில் ஓய்விலும் வலி என்றால் நரம்பு. இளம் வயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரைமணி நேரத்துக்குமேல் விறைத்திருந்தால் வாத நோய் நிபுணரைப் பார்த்தாக வேண்டும். அங்கே பிரச்சினை உடம்பு முழுக்க இருக்கிறது, குதிகாலில் மட்டும் இல்லை.

சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நல்ல வழி. ஃபேசியாவின் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால் பொதுவாக நோயின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். பகுதியளவு கிழிந்திருந்தால் அதுவும் தெரியும். ஸ்டீராய்டு ஊசி ஃபேசியா கிழியும் வாய்ப்பைக் கூட்டக்கூடும்; நீங்கள் அதைப் போட்டுக்கொண்டவர் என்பதால் எக்ஸ்ரேயைவிட இந்த ஸ்கேன்தான் உங்களுக்குப் பயன்படும்.

எக்ஸ்ரே என்றதும் அந்த முள். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயந்துபோகிறார்கள். காலில் குத்துகிற மாதிரி ஒரு கூர் படத்தில் தெரியும்போது, வலிக்குக் காரணம் அதுவே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு முள் இருக்கிறது, கடும் வலி உள்ள பலருக்கு முள் இல்லை. வலி போனவர்களுக்கு மறுபடி படம் எடுத்துப் பார்த்தால் முள் அப்படியேதான் இருக்கும். ஷாக் வேவ் அதை உடைப்பதும் இல்லை, கரைப்பதும் இல்லை. யாராவது அப்படிச் சொல்லி சிகிச்சைக்கு அழைத்தால், அவர் இந்தச் சிகிச்சையைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தவறான எண்ணம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. இதே தொழில்நுட்பம் முதலில் வந்தது சிறுநீரகக் கற்களை உடைக்கத்தான். 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்குச் செய்தார்கள். அதன் பிறகு, அலை பட்ட எலும்பிலும் மென்திசுக்களிலும் மாற்றம் ஏற்படுவதைக் கவனித்து, ஒட்டாத எலும்பு முறிவு, தோள்பட்டை, குதிகால் என்று நகர்ந்தார்கள். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமைப்பான எஃப்டிஏ நாள்பட்ட குதிகால் வலிக்கு இப்படியொரு கருவியை முதலில் அனுமதித்தது 2000-இல். கல்லுக்குப் பயன்படும் ஆற்றல் வேறு, குதிகாலுக்குப் பயன்படும் ஆற்றல் வேறு. இங்கே நோக்கம் எதையும் உடைப்பது அல்ல. அழுத்த அலை திசுவின் செல்களைத் தூண்டி, திசு ஆற உதவும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்க வைக்கிறது, புதிய நுண்ணிய ரத்தக்குழாய்கள் உருவாக உதவுகிறது, வலியைக் கடத்தும் நுண்ணிய நரம்பு முனைகளை அடக்குகிறது என்று கருதப்படுகிறது. மின்சாரம் உடம்புக்குள் போவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

கருவிகள் இரண்டு வகை. ஃபோகஸ்டு என்பது உண்மையான அதிர்ச்சி அலையை உண்டாக்கி, திசுவுக்குள் ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் குவிக்கும். ரேடியல் என்பது காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகக் குண்டைக் குழாய்க்குள் ஓடவிட்டு, கைப்பிடியின் முனையில் மோதவைக்கும். அந்த மோதலின் அழுத்தம் தோலில் தொடங்கி, உள்ளே போகப் போக விரிந்து பலம் குறையும். பிசியோதெரபி மையங்களில் டக் டக் டக் என்று சத்தம் போடுவது பெரும்பாலும் ரேடியல்தான். ஃபேசியா ஆழத்தில் இல்லாததால் இரண்டுமே அதை எட்டிவிடும். எந்த வகை மெஷின் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதற்காக மட்டும் ஊர் ஊராக அலைய வேண்டாம். சரியான புள்ளியைத் தேடிப் பிடிக்கிற ஆள் கிடைப்பதுதான் அதைவிட முக்கியம்.

பலன் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2003-இல் ஜெர்மனியில் 272 பேரை வைத்துச் செய்த ஆய்வில், 12 வாரங்களுக்குப் பிறகு சிகிச்சை பெற்றவர்களில் 34 சதவீதமும் போலிச் சிகிச்சை (ஒப்பிடுவதற்காக, அலை செலுத்தாமல் செலுத்துவதுபோலக் காட்டுவது) பெற்றவர்களில் 30 சதவீதமும் குணமடைந்தார்கள். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆய்வில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டுத்தான் அலை கொடுத்தார்கள். மரக்க வைத்தால் பலன் குறைகிறது என்று பின்னால் வந்த ஒரு ஆய்வு காட்டியது. வலிக்கிற புள்ளியை நோயாளி சொல்ல முடியாமல் போவதும் காரணமாக இருக்கலாம். 2008-இல் வந்த ரேடியல் ஆய்வில் மரக்க வைக்காமல், 2000 அலை அடிகள் வீதம் மூன்று முறை கொடுத்தபோது, 12 வாரத்தில் வலி 72 சதவீதம் குறைந்தது. போலிச் சிகிச்சையில் 45 சதவீதம். 250 பேரை வைத்து 2015-இல் வெளிவந்த ஃபோகஸ்டு ஆய்விலும் ஏறக்குறைய 69-க்கு 35 என்று வந்தது.

இந்த எண்களில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. நாள்பட்ட வலிக்கு, மரக்க வைக்காமல், போதுமான அளவில் கொடுத்தால் சிகிச்சைக்கு உண்மையான பலன் உண்டு. அதே நேரம், போலிச் சிகிச்சை பெற்றவர்களிலும் வலி கணிசமாகக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். இந்த நோய் காலத்தோடு தானாகவும் தணியக்கூடியது. அதனால்தான் வலி தொடங்கிய சில வாரங்களிலேயே ஷாக் வேவுக்கு ஓட வேண்டாம் என்று சொல்கிறேன். ஆறு வாரத்துக்குட்பட்ட புதிய வலியில், வெறும் ஃபேசியா நீட்டல் பயிற்சியே ரேடியல் அலையைவிட நன்றாக வேலை செய்ததை 2010-இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. உங்களுக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது, மற்ற வழிகளையும் பார்த்துவிட்டீர்கள். இந்தச் சிகிச்சை உங்களைப் போன்றவர்களுக்குத்தான்.

ஒரு சிட்டிங், அதாவது ஒரு முறை சிகிச்சை, எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். குப்புறப் படுக்க வைத்து, பாதம் கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி வைப்பார்கள். கட்டைவிரலால் அழுத்தித் தேடி, வலிக்கிற புள்ளியைப் பேனாவால் குறித்து, ஜெல் தடவி, கைப்பிடியை வைப்பார்கள். ரேடியல் என்றால் 1.5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) போன்ற குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, பழகப் பழகக் கூட்டுவார்கள். நொடிக்கு 10 அடி என்றால் 2000 அடிக்கு மூன்றரை நிமிடத்துக்குள்தான் ஆகும். முதல் அரை நிமிடம் நிச்சயம் வலிக்கும், அப்புறம் மெல்ல மரத்துவிடும். பத்துக்கு ஐந்து, ஆறு என்ற அளவில் தாங்கக்கூடிய வலி இருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு எட்டு, ஒன்பது வரை பொறுத்துக்கொள்வதால் கூடுதல் லாபம் இல்லை. வாயைத் திறந்து சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள். "இங்கேதான், இன்னும் கொஞ்சம் உள்ளே" என்று நீங்கள் வழிகாட்டுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

வாரத்துக்கு ஒன்று என்று மூன்று சிட்டிங் வழக்கமான அளவு. சிலருக்கு நான்கு, ஐந்து தேவைப்படும். தினமும் கொடுப்பதிலோ, பத்துப் பதினைந்து என்று ஏற்றிக்கொண்டே போவதிலோ அர்த்தமில்லை. திசு மாறுவதற்கு நேரம் வேண்டும். முதல் சிட்டிங் முடிந்த அன்றே லேசாக இருப்பதுபோலத் தோன்றும், மறுநாள் வலி கூடும், ஓரிரு நாளில் தணியும். தோல் சிவப்பதும், சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள் தோன்றுவதும் உண்டு, போய்விடும். உண்மையான முன்னேற்றம் கடைசி சிட்டிங்குக்குப் பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில்தான் தெரியும். மூன்றாவது சிட்டிங் முடிந்ததும் "ஒன்றும் ஆகவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள், பலன் வரும் நேரத்தில் நம்பிக்கையை இழக்கிறார்கள்.

சிகிச்சை நாட்களில் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நாம் தூண்டிவிட நினைப்பதையே அது அடக்கிவிடக்கூடும் என்பதுதான் காரணம். வேறு நோய்க்காக மருத்துவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். இரண்டு நாள் ஓட்டம், குதிப்பது வேண்டாம். சாதாரணமாக நடக்கலாம்.

ஆடுசதைக்குக் கொடுப்பது கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே ஒரு புள்ளியில் நிற்காமல், அகலமான முனையைப் போட்டு, குறைந்த அழுத்தத்தில், தசையின் நீளவாக்கில் நகர்த்திக்கொண்டே போவார்கள். உள்பக்க மேட்டில், கயிறு மாதிரி திரண்ட இடங்களில் சற்று நின்று கொடுப்பார்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் ரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுகின்றன. முழங்காலுக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே எலும்பை ஒட்டி ஒரு நரம்பு மேலாகவே போகிறது. இந்த இரண்டு இடத்திலும் முனையை வைக்கக் கூடாது.

ஆடுசதைக்கு ஷாக் வேவ் கொடுத்ததும் இறுக்கம் தளர்ந்து, கணுக்கால் கூடுதலாக மடங்குவதை அந்த இடத்திலேயே பலரிடம் பார்க்க முடிகிறது. ஆனால் குதிகாலுக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. 2011-இல் 60 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், ஆடுசதையில் உள்ள வலி முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்தி, நீட்டல் பயிற்சியும் செய்தவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆக, ஆடுசதையைக் கவனிப்பது அவசியம்; அதற்கு மெஷின்தான் வேண்டும் என்று இல்லை. குதிகாலுக்குப் போகும்போதே சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தனியாக நிறைய சிட்டிங் வாங்கச் சொன்னால் யோசியுங்கள்.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், சிகிச்சை தரும் இடத்தில் புற்றுநோய்க் கட்டியோ தொற்றோ உள்ளவர்கள், இன்னும் வளரும் எலும்புள்ள சிறுவர்கள் தவிர்க்க வேண்டும், அல்லது மருத்துவரைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்கு, வலியைச் சொல்லி அழுத்தத்தைச் சரிசெய்யும் வாய்ப்பே இல்லாததால் மிகுந்த கவனம் வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்டு ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் ஊசி எப்போது போட்டது என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஊசிக்கு அவசரப்படவும் வேண்டாம். அது தரும் நிவாரணம் பெரும்பாலும் ஒரு மாதத்தோடு சரி. திரும்பத் திரும்பப் போட்டால் ஃபேசியா கிழியவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் வாய்ப்பு கூடுகிறது.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே, வலிக்கிற காலை மறுகால் முழங்காலின் மேல் போட்டுக்கொள்ளுங்கள். விரல்களை எல்லாம் சேர்த்துப் பிடித்துக் கணுக்காலை நோக்கி இழுங்கள். மறுகையால் பாதத்தின் அடியைத் தொட்டுப் பாருங்கள், ஃபேசியா நாண் மாதிரி விறைத்து நிற்க வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. நீண்ட நேரம் உட்கார்ந்து எழுவதற்கு முன்னும் செய்யலாம். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆடுசதை நீட்டல்: பின்காலின் முழங்கால் நேராக ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை, ஒவ்வொன்றும் அரை நிமிடம், குதிகால் தரையை விட்டு எழாமல்.

நீட்டல் மட்டும் போதாது, பலமும் வேண்டும். ஒரு படியின் விளிம்பில் நின்று, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து விரல்கள் மேல்நோக்கி மடங்கியபடி இருக்கச் செய்யுங்கள். மூன்று நொடியில் குதிகாலைத் தூக்கி, இரண்டு நொடி நிறுத்தி, மூன்று நொடியில் மெல்ல இறக்குங்கள். முடிந்தால் ஒற்றைக் காலில். முடியாவிட்டால் இரண்டு காலில் தொடங்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பன்னிரண்டு முறை தூக்குவதே கடைசியில் கடினமாக இருக்கும் அளவுக்குச் சுமை வேண்டும். எளிதானால் முதுகுப் பையில் புத்தகங்களைப் போட்டு எடை கூட்டுங்கள். 2014-இல் வந்த ஆய்வில் இந்தப் பயிற்சி செய்தவர்கள் மூன்று மாதத்தில், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒரு வருடத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டது உண்மைதான், ஆனால் அந்த மூன்று மாதத்தை வலியோடு கழிக்கிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஃபேசியாவையும் ஆடுசதையையும் ஒரே அசைவில் வேலை வாங்குவதால், உங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம், தப்பில்லை. அளவுகோல் மறுநாள் காலையின் முதல் அடி. வழக்கத்தைவிட அது அதிகம் வலித்தால் முந்தின நாள் சுமை கூடிவிட்டது, குறையுங்கள். அதே அளவோ குறைவோ என்றால் தொடருங்கள். ஷாக் வேவ் கொடுத்த நாளிலிருந்து இரண்டு நாள் தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டு நீட்டலை மட்டும் செய்யுங்கள். அலையும் ஃபேசியா நீட்டலும் சேரும்போது, அலை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் என்பது நாள்பட்ட வலியிலும் பார்க்கப்பட்டிருக்கிறது.

இதோடு, வீட்டுக்குள்ளும் கடினத் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் மெத்தென்ற செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வெளியே, குதிகால் லேசாக உயர்ந்த காலணி ஆடுசதையின் இழுப்பைக் குறைக்கும். நின்றே செய்யும் வேலை என்றால் இடையிடையே உட்காருங்கள். நடைப்பயிற்சியை முழுக்க நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாக்குங்கள் போதும்.

சிகிச்சைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: வலி ஃபேசியாவில்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள், மரக்க வைக்காமல் கொடுப்பீர்களா, கூடவே என்ன பயிற்சி தருவீர்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் நான் சிகிச்சை எடுக்க மாட்டேன்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, கடைசி சிட்டிங்கிலிருந்து மூன்று மாதமும் கடந்து, வலி பாதியாகக்கூடக் குறையவில்லை என்றால் இன்னொரு சுற்று ஷாக் வேவுக்குப் போகாதீர்கள். நோயை மறுபடி முதலிலிருந்து கண்டறிய வேண்டும். எம்ஆர்ஐ, நரம்புச் சோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் அந்தக் கட்டத்தில் தேவைப்படலாம். எல்லாம் பார்த்த பிறகும் மேல் ஆடுசதையின் இறுக்கமே காரணம் என்று தெரிந்தால், அந்தத் தசையின் உறையைச் சிறிதளவு வெட்டி நீட்டிவிடும் அறுவை சிகிச்சை ஒன்று இருக்கிறது. குதிகாலைத் தொடாமலேயே குதிகால் வலியைக் குறைக்கிறார்கள். மிகச் சிலருக்குத்தான் அது தேவைப்படும். பாதம், கணுக்காலில் தேர்ந்த எலும்பு மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.